கடைமடைக் கணக்கு

மேட்டூரில் திறந்தாயிற்று என்று
செய்தியில் சொன்ன அன்று
திருத்துறைப்பூண்டியில் யாரும் விதை விடவில்லை.
கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் திரும்பி,
முள்ளியாற்றில் இறங்கி
எங்கள் வாய்க்கால் மதகில் வந்து முட்டும்வரை
அது தண்ணீர் இல்லை,
தகவல்.

அதே வாரம்தான்
அட்லாண்டாவிலிருந்து ஒரு மார்ட்டின்
இருநூற்று நாற்பது முறுக்கு அச்சு கேட்டார்.
விலை பேசவில்லை.
முள்முறுக்குத் தட்டில் துளை ஒன்றா மூன்றா
என்றுகூடக் கேட்கவில்லை.
அச்சு வாங்குகிற எவரும்
கேட்காமல் விடாத கேள்வி அது.
எனக்கு அப்போது உறைக்கவில்லை.
ஆயிரத்து எண்ணூறு டாலர்
கண்ணை மறைத்துக்கொண்டு நின்றது.

வேதை ரோட்டுப் பட்டறையில்
செங்குட்டுவன் இரண்டு ஷிப்ட் லேத் ஓட்டினான்.
தஞ்சாவூரிலிருந்து எஸ்.எஸ். குழாய்
கடனுக்கு வந்து இறங்கியது.

ராத்திரி ஒரு மணிக்கு ரசீதின் படம் வந்தது.
வங்கி முத்திரை, நீலக் கையெழுத்து,
நாலாயிரத்து எண்ணூறு.
பின்னாலேயே கடிதம்:
கணக்காளர் தவறிவிட்டார், சகோதரி,
கூடுதல் மூவாயிரத்தைக்
கப்பல் ஏஜெண்டின் கணக்குக்கு இன்றே அனுப்பிவிடுங்கள்,
அவசரம்,
கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார்.

அடுத்தவர் காசு
ஒரு ராத்திரிகூட நம்மிடம் தங்கக்கூடாது
என்று வளர்ந்தவள் நான்.
அந்த நாணயத்தைத்தான்
அவன் தூண்டிலில் புழுவாகக் கோத்திருந்தான்.

வளையலைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு
வங்கி திறக்கும் முன்பே போய் நின்றேன்.
நகைக்கடன் படிவத்தை நீட்டிய ரிஸ்வானா
எதுக்குக்கா என்றாள்.
சொன்னேன்.
திரையை என் பக்கம் திருப்பினாள்.
வரவுப் பத்தி
வைகாசி வாய்க்காலாய் வெடித்துக் கிடந்தது.
"வந்தது படம்க்கா. பணம் வரல."

வெளியே வந்து வளையலைப் போட்டுக்கொள்ள
வெகுநேரம் பிடித்தது. கை வியர்த்திருந்தது.

பணம் ஏறினால் பெட்டி ஏறும்
என்று மார்ட்டினுக்கு எழுதினேன்.
கடவுளையும் கூட்டிக்கொண்டு
அவர் காணாமல் போனார்.
பெட்டிகள் பட்டறை மூலையில் நின்றன.
அதன்மேல் செங்குட்டுவன் டீ கிளாஸ் வைத்துப் பழகினான்.

ஆவணியில் ஒஸ்லோவிலிருந்து
தவராசா அண்ணன்.
முதல் கேள்வியே துளை பற்றித்தான்.
நட்சத்திரத்துக்கு எத்தனை முனை
என்று அடுத்தது.
பாதி முன்பணம், மீதி பெட்டி ஏறும் முன்.
பதினோரு எழுத்து ஸ்விஃப்ட் கோடு,
இன்வாய்ஸ், பர்ப்பஸ் கோடு
எல்லாம் இரண்டு தடவை சரிபார்த்து அனுப்பினேன்.
ஐந்தாம் நாள் பணம் வந்தது,
இருபத்திரண்டு டாலர் குறைவாக.
நடுவில் இரண்டு வங்கிகள் பிடித்துக்கொண்டனவாம்.
வழி மண் குடிக்காமல்
எந்தத் தண்ணீர் இங்கே வந்திருக்கிறது.
அடுத்த விலைப்பட்டியலில்
மண்ணுக்கும் ஒரு வரி போட்டேன்.

மீதி வரவேண்டிய புதன்கிழமை
போன் அடித்தது.
"தங்கச்சி, கணக்கு நம்பர் மாறிட்டுதெண்டு
நேற்று நீங்கள் எழுதினது கிடைச்சது.
உண்மையோ?"

நான் எழுதவில்லை.
என் பெயரில், என் பட்டறை முத்திரையோடு,
நான் எப்போதும் எழுத்துப்பிழையோடு போடும்
அந்த "நண்றி"யைக்கூட விடாமல்
யாரோ எழுதியிருக்கிறார்கள்.
எத்தனை நாளாக என் தோளுக்குப் பின்னால் நின்று
படித்துக்கொண்டிருந்தார்களோ.
முதுகு கூசியது.

செங்குட்டுவனுக்குக் கை காட்டினேன்.
லேத்தை அணைத்தான்.
சுற்று அடங்கும்வரை
ஒஸ்லோவில் அவரும் இங்கே நானும்
பேசாமல் இருந்தோம்.

"மாறலண்ணே. பழசுதான்.
ஒவ்வொண்ணாச் சொல்றேன்,
திருப்பிச் சொல்லுங்க.
மூணு."

"மூண்டு."

"பூஜ்யம்."

"சைபர்," என்றார்.